டர்ன்கீ லினக்ஸ் ஆயத்த வழங்கிகள்: நிறுவலிலும் இடமாற்றத்திலும் எழும் சிக்கல்கள்

ஆயத்த வழங்கி என்பது இயங்குதளம், இணைய வழங்கி மென்பொருள், தரவுத்தளம், பயன்பாடு ஆகியவற்றை முன்கூட்டியே ஒன்றாகப் பொருத்தி, ஒரே கோப்பாகத் தரப்படும் வழங்கி (சர்வர்) ஆகும். வேர்ட்பிரஸ் வலைத்தளம் வேண்டுவோர் அதற்குரிய கோப்பையும், மூடுல் கற்றல் தளம் வேண்டுவோர் அதற்குரிய கோப்பையும் பதிவிறக்கி இயக்கினால் சில நிமிடங்களில் தளம் தயாராகிவிடும். இவ்வகையில் பரவலாக அறியப்பட்ட கட்டற்ற மென்பொருள் திட்டம் டர்ன்கீ லினக்ஸ். அலோன் ஸ்வார்ட்ஸ், லிராஸ் சிரி ஆகிய இருவரும் 2008இல் இதைத் தொடங்கினர். தொடக்கத்தில் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டிருந்த இத்திட்டம், 2012இல் வெளியான 12ஆம் பதிப்பிலிருந்து டெபியனுக்கு மாறியது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட ஆயத்த வழங்கிகளைத் தருகிறது.

எளிதாக நிறுவ முடிவது இவற்றின் சிறப்பு. சிக்கலின் ஊற்றும் அதுவே. ஒவ்வொரு மென்பொருளையும் தாமே நிறுவியவருக்கு எது எங்கே இருக்கிறது என்பது தெரியும். ஆயத்தமாகப் பெற்றவருக்கோ பழுது ஏற்படும் நாளில்தான் உள்ளமைப்பு முதன்முறையாகக் கண்ணில் படுகிறது. பல ஆண்டு மாணவர் பதிவுகளோ ஒரு சங்கத்தின் கணக்குகளோ அந்த வழங்கியில் இருக்கும்போது, தவறான ஒரு கட்டளை அவற்றை அழித்துவிடக்கூடும். எனவே சிக்கல்களைத் தேடும் முறையை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

இரண்டு அடுக்குகள்

ஓர் ஆயத்த வழங்கியில் இரண்டு அடுக்குகள் உள்ளன. முதலாவது, திட்டத்தார் தந்த அடுக்கு: டெபியன் இயங்குதளம், அப்பாச்சி, பிஎச்பி, மரியாடிபி போன்ற மென்பொருள்கள், அவற்றின் இயல்பு அமைப்புகள். இரண்டாவது, பயனரின் அடுக்கு: தரவுத்தளத்தில் சேர்ந்த பதிவுகள், பதிவேற்றிய படங்கள், உருவாக்கிய பயனர் கணக்குகள், மாற்றிய அமைப்புகள். முதல் அடுக்கை எப்போது வேண்டுமானாலும் மீண்டும் பதிவிறக்கிக்கொள்ளலாம். இரண்டாவது அடுக்கு தொலைந்தால் உலகில் வேறெங்கும் கிடைக்காது.

நிறுவும்போது வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை, முதல் அடுக்கு அது ஓடும் கணினியுடனோ பிணையத்துடனோ பொருந்தாததால் எழுகின்றன. இடம் மாற்றும்போது வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை, இரண்டு அடுக்குகளையும் பிரிக்காமல் ஒன்றாக அள்ளிச் செல்வதாலோ, இரண்டாவது அடுக்கின் ஒரு பகுதியை விட்டுவிடுவதாலோ எழுகின்றன.

பழுதைத் தேடும் வரிசை

பழுதைக் கீழிருந்து மேலாகத் தேட வேண்டும். மெய்நிகர் இயந்திரம் துவங்குகிறதா? இயங்குதளம் நுழைவுத் திரை வரை வருகிறதா? அதற்கு ஐபி முகவரி கிடைத்துள்ளதா? அப்பாச்சியும் தரவுத்தளமும் ஓடுகின்றனவா? கடைசியாக, பயன்பாடு சரியாக விடையளிக்கிறதா? கீழ்ப்படி சரியாகாமல் மேல்படியில் கைவைத்தால், நன்றாக இருந்த அமைப்பும் கெடும்.

இதில் மிகவும் பயன்படும் சோதனை ஒன்று உண்டு. வழங்கிக்குள்ளேயே நுழைந்து, ‘கர்ல்’ கட்டளையால் அதன் சொந்த வலைப்பக்கத்தைக் கேட்டுப் பார்ப்பது அது. உள்ளே பக்கம் வந்து, வெளியிலிருந்து வராவிட்டால் பழுது பிணையத்திலோ தீயரணிலோ உள்ளது. உள்ளேயும் வராவிட்டால் பழுது சேவையில் உள்ளது. அப்போது ‘சிஸ்டம்சிடிஎல்’ கட்டளையால் சேவையின் நிலையையும், ‘ஜர்னல்சிடிஎல்’ கட்டளையால் அதன் பதிவேட்டையும் பார்க்க வேண்டும். பதிவேட்டில் கடைசி வரியைவிட, முதலில் தோன்றிய பிழை வரியே பெரும்பாலும் காரணத்தைச் சொல்லும். அதற்குப் பின் வருபவை பல நேரங்களில் அதன் விளைவுகளே.

நிறுவலின்போது வரும் சிக்கல்கள்

கோப்புப் பழுது: விர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர் ஆகியவற்றில் ஏற்றப்படும் ஓவிஏ கோப்பு, மெய்நிகர் வட்டையும் அதன் விவரக் கோப்பையும் சேர்த்துக் கட்டிய ஒரு பொதி. பதிவிறக்கம் பாதியில் அறுந்திருந்தால் ஏற்றும்போது பிழை வரும். திட்டத்தார் வெளியிட்ட சரிபார்ப்புத் தொகையுடன் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அடுத்த காரணத்தைத் தேட வேண்டும்.

மெய்நிகராக்க வசதி: 64 பிட் இயந்திரம் துவங்க மறுத்தால், தாய்ப்பலகையின் பயாஸ் அமைப்பில் செயலியின் மெய்நிகராக்க வசதி அணைக்கப்பட்டிருக்கலாம். புராக்ஸ்மாக்ஸ் கொள்கலனாக இயக்கும்போது சில சேவைகள் மட்டும் துவங்காவிட்டால், அக்கொள்கலனுக்கு ‘நெஸ்டிங்’ விருப்பம் இயக்கப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். புதிய டெபியன் பதிப்புகளின் சிஸ்டம்டி அவ்வசதியை எதிர்பார்க்கிறது.

முதல் துவக்கக் கேள்விகள்: டர்ன்கீ வழங்கிகளில் பொதுவான இயல்புக் கடவுச்சொல் கிடையாது. முதல் துவக்கத்தின்போது ரூட் கடவுச்சொல், தரவுத்தளக் கடவுச்சொல், பயன்பாட்டு நிர்வாகியின் கடவுச்சொல் ஆகியவற்றை அது கேட்டுப் பெறும். திரை இல்லாத இடங்களில், அதாவது மேகக் கணிமையிலும் கொள்கலன்களிலும், இக்கேள்விகளை உடனே கேட்க முடியாது. ஆகவே தளத்தின் முகவரியைத் திறந்தால் பயன்பாட்டுக்குப் பதிலாக ஓர் அறிவிப்புப் பக்கம் தோன்றும். இது பழுது அன்று. அமைப்பு முடியாத வழங்கி பிறர் கையில் சிக்காமல் இருக்க வைத்த வேலி. எஸ்எஸ்எச் வழியே ரூட் பயனராக நுழைந்தால் கேள்விகள் தொடங்கும். அவற்றை முடித்ததும் வேலி தானே நீங்கும்.

ஐபி முகவரி: முகவரியைப் பார்த்தாலே பாதிச் சிக்கல் புரிந்துவிடும். 10.0.2.15 என்றிருந்தால், விர்ச்சுவல்பாக்ஸின் ‘நேட்’ முறையில் இயந்திரம் ஓடுகிறது. அதனால் இணையத்துக்குச் செல்ல முடியும், ஆனால் மற்றக் கணினிகளிலிருந்து அதை அடைய முடியாது. ‘பிரிட்ஜ்’ முறைக்கு மாற்ற வேண்டும். 169.254 என்று தொடங்கினால் டிஎச்சிபி விடை கிடைக்கவில்லை. கம்பி, பிணைய அட்டை, திசைவி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நிலையான முகவரியை ‘கான்ஃப்கன்சோல்’ என்னும் திரைப்பட்டியலில் அமைக்கலாம்.

சான்றிதழ் எச்சரிக்கை: முதல் துவக்கத்தில் வழங்கி தனக்குத் தானே கையொப்பமிட்ட சான்றிதழை உருவாக்கிக்கொள்கிறது. ஆகவே உலாவி எச்சரிப்பது இயல்பே. வெப்மின் மேலாண்மைப் பக்கம் 12321 என்ற வாயிலில், எச்டிடிபிஎஸ் வழியில் மட்டுமே திறக்கும். லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழை கான்ஃப்கன்சோல் வழியே பெறலாம். அதற்குத் தளப்பெயர் அந்த வழங்கியைச் சுட்ட வேண்டும். 80ஆம் வாயில் இணையத்துக்குத் திறந்திருக்கவும் வேண்டும். ஒரே பெயர்த் தொகுதிக்கு ஒரு வாரத்தில் ஐந்து சான்றிதழ்களே தரப்படும். திரும்பத் திரும்ப முயன்று அந்த வரம்பை முடித்துவிடக் கூடாது.

வட்டு இடம்: மெய்நிகர் வட்டின் அளவை வெளியில் கூட்டினால் உள்ளே இடம் தானாகக் கூடுவதில்லை. பகிர்வு, எல்விஎம் பருநிலைக் கொள்ளளவு, ஏரணக் கொள்ளளவு, கோப்பு முறைமை என நான்கையும் இதே வரிசையில் விரிக்க வேண்டும். வட்டு நிரம்பியதன் முதல் அறிகுறி பெரும்பாலும் தரவுத்தளம் துவங்காமை. ‘டிஎஃப்’ கட்டளை இடம் இருப்பதாகக் காட்டியும் ‘இடமில்லை’ என்ற பிழை வந்தால், சிறு கோப்புகள் பெருகி ஐநோடு எண்ணிக்கை தீர்ந்திருக்கலாம்.

மின்னஞ்சல்: கடவுச்சொல் மீட்பு அஞ்சல் வராவிட்டால் பயன்பாட்டைக் குறை சொல்வதற்கு முன் 25ஆம் வாயிலைப் பார்க்க வேண்டும். அமேசான், கூகுள் ஆகியவற்றின் மேகச் சேவைகள் வெளிச்செல்லும் 25ஆம் வாயிலை இயல்பாகவே தடுக்கின்றன. கான்ஃப்கன்சோலில் அஞ்சல் இடைவழங்கி ஒன்றைக் குறிப்பிடுவதே இதற்குத் தீர்வு.

அதே வழங்கியை வேறு கணினிக்கு மாற்றுதல்

பதிப்பை மாற்றாமல், மெய்நிகர் இயந்திரத்தை மட்டும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எடுத்துச் செல்லும்போது மூன்று சிக்கல்கள் அடிக்கடி வரும்.

முதலாவது, பிணைய இடைமுகத்தின் பெயர் மாறுவது. புதிய இடத்தில் அட்டையின் வகையும் இருப்பிடமும் மாறினால் அதன் பெயரும் மாறலாம். அமைப்புக் கோப்பில் பழைய பெயர் இருப்பதால் பிணையம் எழாது. ‘ஐபி’ கட்டளையால் உண்மைப் பெயரைக் கண்டு, அமைப்புக் கோப்பில் திருத்த வேண்டும். இரண்டாவது, வட்டின் பெயர் மாறுவது. எஃப்எஸ்டேப் கோப்பில் வட்டுகள் சாதனப் பெயரால் குறிக்கப்பட்டிருந்தால் துவக்கம் பாதியில் நிற்கும். மாற்றத்துக்கு முன்பே அவற்றை யுயுஐடி அடையாளத்தால் குறித்துவிட்டால் இத்தொல்லை இல்லை. மூன்றாவது, இரண்டு இயந்திரங்களும் ஒரே முகவரியுடன் ஒரே நேரத்தில் ஓடுவது. தளம் சில நேரம் திறந்தும் சில நேரம் திறக்காமலும் இருந்தால் இதை ஐயுற வேண்டும். இந்நிலையில் சில பதிவுகள் பழைய இயந்திரத்திலும் சில புதியதிலும் சேர்ந்துவிடும். பின்னர் அவற்றை ஒன்றாக்குவது கடினம்.

பழைய பதிப்பிலிருந்து புதிய பதிப்புக்கு மாறுதல்

டர்ன்கீயின் ஒவ்வொரு முதன்மைப் பதிப்பும் ஒரு டெபியன் பதிப்பைச் சார்ந்தது. 14ஆம் பதிப்பு டெபியன் 8ஐயும், 15 டெபியன் 9ஐயும், 16 டெபியன் 10ஐயும், 17 டெபியன் 11ஐயும், 18 டெபியன் 12ஐயும் சார்ந்தவை. ஓடும் வழங்கியை அங்கேயே மேம்படுத்துவதைவிட, புதிய பதிப்பைத் தனியாக நிறுவி, பயனரின் அடுக்கை மட்டும் அதற்கு மாற்றுவதையே திட்டத்தார் பரிந்துரைக்கின்றனர். இம்முறையில் பழைய வழங்கி தொடப்படுவதில்லை. புதியது சரிவராவிட்டால் பழையது அப்படியே இருக்கும்.

இதற்கென டிகேஎல்பேம் என்ற கருவி உண்டு. ஆயத்த வழங்கி வெளியான நிலையிலிருந்து என்னென்ன மாறியுள்ளன என்று கண்டு, மாறிய கோப்புகள், தரவுத்தளம், கூடுதலாக நிறுவிய பொதிகளின் பட்டியல், பயனர் கணக்குகள் ஆகியவற்றை மட்டும் குறியாக்கம் செய்து காப்புநகலாகச் சேமிக்கிறது. மீட்கும்போது கோப்புகள், தரவுத்தளம், பொதிகள் ஆகியவற்றில் வேண்டாததைத் தவிர்க்கும் விருப்பங்களும், மீட்டதைப் பின்வாங்கும் கட்டளையும் உள்ளன. கடவுத்தொடர் வைத்துப் பூட்டிய காப்புநகலில், அத்தொடரும் மாற்றுச் சாவிக் கோப்பும் தொலைந்தால் யாராலும் திறக்க முடியாது. அவற்றை அதே வழங்கியில் மட்டும் வைத்திருப்பது, பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவதற்கு ஒப்பாகும்.

பதிப்பு இடைவெளி பெரிதாக இருந்தால் எந்தக் கருவியாலும் எல்லாவற்றையும் சரிசெய்ய முடியாது. 14ஆம் பதிப்பில் ஓடும் ஒரு வேர்ட்பிரஸ் தளத்தை 18ஆம் பதிப்புக்கு மாற்றுவதை எடுத்துக்கொள்வோம். இங்கே பிஎச்பி 5.6இலிருந்து 8.2க்கும், மைசீக்குவல் 5.5இலிருந்து மரியாடிபி 10.11க்கும் தாவ வேண்டியுள்ளது. எதிர்பார்க்க வேண்டியவை இவை:

அமைப்புக் கோப்புகள்: டெபியன் 8இல் பிஎச்பி அமைப்புகள் இருந்த அடைவு வேறு, டெபியன் 9 முதல் இருக்கும் அடைவு வேறு. டெபியன் 7லிருந்து வருவோருக்கு அப்பாச்சி 2.2, 2.4 ஆகியவற்றுக்கிடையே அணுகல் விதிகள் எழுதும் முறையே மாறியிருக்கும். பழைய அமைப்புக் கோப்புகளைப் புதியவற்றின் மேல் கொட்டினால் அப்பாச்சி துவங்காது. பழையவற்றைத் தனி அடைவில் வைத்துப் பார்த்து, தாம் செய்த மாற்றங்களை மட்டும் புதிய கோப்பில் எழுத வேண்டும்.

தரவுத்தளத்தின் உள் அட்டவணைகள்: ‘மைசீக்குவல்’ என்ற பெயருடைய உள் தரவுத்தளத்தில்தான் பயனர்களும் கடவுச்சொற்களும் உள்ளன. இது முதல் அடுக்கைச் சேர்ந்தது. டெபியன் 8இல் பராமரிப்புக்கென ‘டெபியன்-சிஸ்-மெயின்ட்’ என்ற தனிப் பயனர் உண்டு. அதன் கடவுச்சொல் வழங்கிக்கு வழங்கி வேறுபடும். டெபியன் 9 முதல் மரியாடிபியின் ரூட் பயனர் கடவுச்சொல் இன்றி, இயங்குதள அடையாளத்தாலேயே நுழைகிறார். எனவே எல்லாத் தரவுத்தளங்களையும் மொத்தமாக மீட்டால் ‘அனுமதி இல்லை’ என்ற பிழை வரும். பயன்பாட்டின் தரவுத்தளத்தை மட்டும் ஏற்றுமதி செய்து மாற்றுவதே பாதுகாப்பு.

இணைப்புக் கடவுச்சொல்: வேர்ட்பிரஸின் டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பில் தரவுத்தளக் கடவுச்சொல் உள்ளது. பழைய கோப்பு புதியதை அழித்தெழுதினால் தரவுத்தளத்தோடு இணைக்க முடியவில்லை என்ற பக்கம் தோன்றும். புதிய வழங்கியின் கடவுச்சொல்லை அதில் இட்டால் தீரும்.

பயன்பாட்டின் பதிப்பு: பழைய செருகுநிரல்கள் பயன்படுத்தும் சில செயற்கூறுகள் பிஎச்பி 7.0இலும் 8.0இலும் நீக்கப்பட்டுவிட்டன. விளைவு, வெற்றுப் பக்கம். வேர்ட்பிரஸ் 6.3 பதிப்பு பிஎச்பி 5 ஆதரவைக் கைவிட்டது. எனவே பழைய வழங்கியில் 6.2 வரை உயர்த்தி, செருகுநிரல்களை நிறுத்திவிட்டு மாற்றி, புதிய வழங்கியில் மேலும் உயர்த்தி, செருகுநிரல்களை ஒவ்வொன்றாக இயக்கிப் பார்ப்பது சரியான வரிசை.

தள முகவரி: வேர்ட்பிரஸ் தன் முகவரியைத் தரவுத்தளத்திலேயே எழுதி வைத்துள்ளது. ஆகவே புதிய வழங்கியைத் திறந்தாலும் உலாவி பழைய வழங்கிக்கே தாவும். ஏற்றுமதிக் கோப்பில் முகவரியை நேரடியாக மாற்றினால், எழுத்து எண்ணிக்கையோடு சேர்த்துச் சேமிக்கப்பட்ட அமைப்புகள் உடையும். ‘டபிள்யூபி-சிஎல்ஐ’ கருவியின் தேடி மாற்றும் கட்டளை அந்த எண்ணிக்கையையும் திருத்தும். சோதனைக்கு மட்டும் என்றால், சோதிப்பவரின் கணினியில் ஹோஸ்ட்ஸ் கோப்பில் தளப்பெயருக்குப் புதிய ஐபியைக் குறிப்பதே போதும்.

தமிழ் எழுத்துகள் சிதைதல்

தமிழ்த் தளங்களை மாற்றுவோர் தனியே கவனிக்க வேண்டியது எழுத்துக் குறிமுறை. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளைக் கொள்ளும். ‘கோ’ என்பது க, ஓகாரக் குறி என இரண்டாகி ஆறு பைட்டுகள் ஆகும். பழைய தரவுத்தளங்கள் பலவற்றில் அட்டவணை ‘லத்தீன்1’ என்று குறிக்கப்பட்டிருக்கும். உள்ளே இருப்பதோ யுடிஎஃப்-8. அதைச் சரியான விருப்பமின்றி ஏற்றுமதி செய்தால், மூன்று பைட்டுகளும் மூன்று தனி இலத்தீன் எழுத்துகளாகக் கொள்ளப்பட்டு மீண்டும் குறியாக்கம் ஆகும். தமிழுக்குப் பதில் கீற்றிட்ட இலத்தீன் எழுத்துகளும் பதிவுரிமைக் குறிகளும் வரிசையாகத் தோன்றும்.

இந்நிலை அச்சமூட்டினாலும் பெரும்பாலும் மீட்கத்தக்கது. பைட்டுகள் எல்லாம் உள்ளன; படிக்கும் முறைதான் தவறு. மாறாக, தமிழ் எழுத்துகள் இருந்த இடமெல்லாம் கேள்விக்குறிகளாகத் தெரிந்து, தரவுத்தளத்திலும் கேள்விக்குறியே சேமிக்கப்பட்டிருந்தால், மூல எழுத்து மாற்றத்தின்போதே அழிந்துவிட்டது. அந்த நகலைத் திருத்த முயல்வது வீண். பழைய வழங்கியிலிருந்து மீண்டும் ஏற்றுமதி செய்ய வேண்டும். பழைய வழங்கியை அவசரப்பட்டு அழிக்கக் கூடாது என்பதற்கு இதுவே வலுவான காரணம்.

கோப்புப் பெயர்களிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளை யுனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம். இரண்டு குறிகளாகப் பிரித்தும் எழுதலாம். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் லினக்ஸுக்கு அவை வெவ்வேறு பெயர்கள். மேக் கணினிகளின் பழைய எச்எஃப்எஸ்+ கோப்பு முறைமை இவற்றைப் பிரித்தே சேமிக்கும். அதன் வழியே படங்களை எடுத்துச் சென்றால், தமிழ்ப் பெயருள்ள சில படங்கள் மட்டும் தளத்தில் காணாமல் போகலாம். வழங்கியிலிருந்து வழங்கிக்கு நேரடியாகவே நகலெடுப்பது நல்லது.

மிகப் பழைய வழங்கிகள்

டெபியன் 8க்கான நீட்டித்த ஆதரவு 2020 ஜூன் 30 அன்றும், டெபியன் 9க்கானது 2022 ஜூன் 30 அன்றும் முடிந்தன. இவற்றின் பொதிகள் வழக்கமான களஞ்சியத்திலிருந்து டெபியன் ஆவணக் களஞ்சியத்துக்கு மாற்றப்பட்டுவிட்டன. ‘ஆப்ட்’ கட்டளை 404 பிழை தந்தால் காரணம் இதுவே. மூலப் பட்டியலில் முகவரியை மாற்ற வேண்டும்.

பழைய வழங்கியிலிருந்து பாதுகாப்பான தளங்களை அடைய முடியாவிட்டால், முதலில் அதன் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். தேதி சரியாக இருந்தால், 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியான ‘டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3’ மூலச் சான்றிதழ் காரணமாக இருக்கலாம். புதிய வழங்கியிலிருந்து பழையதற்கு எஸ்எஸ்எச் இணைப்பு மறுக்கப்பட்டால், 2021இல் வெளியான ஓப்பன்எஸ்எஸ்எச் 8.8 பழைய ஷா-1 கையொப்ப முறையை இயல்பாக நிறுத்தியது நினைவுக்கு வர வேண்டும். அந்த ஓர் இணைப்புக்கு மட்டும் பழைய முறையை அனுமதிக்கலாம். அல்லது பழைய வழங்கியிலிருந்தே புதியதற்குக் கோப்புகளை அனுப்பலாம்.

மாற்றும் நாளில்

மாற்றத்துக்குச் சில நாள் முன்பே டிஎன்எஸ் பதிவின் ஆயுட்காலத்தை 300 வினாடி போன்ற சிறிய அளவுக்குக் குறைக்க வேண்டும். முழு மாற்றத்தையும் ஒருமுறை ஒத்திகை பார்த்து, ஆகும் நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். மாற்றும் நேரத்தில் பழைய தளத்தில் புதிய பதிவுகள் சேராதபடி நிறுத்திவிட்டு, கடைசி ஏற்றுமதியை எடுக்க வேண்டும்.

முகப்புப் பக்கம் திறந்துவிட்டது என்பது வெற்றிக்குச் சான்றாகாது. இரு வழங்கிகளிலும் முக்கிய அட்டவணைகளின் வரி எண்ணிக்கை, பதிவேற்ற அடைவின் கோப்பு எண்ணிக்கை ஆகியவற்றை ஒப்பிட வேண்டும். ஒரு சாதாரணப் பயனராக நுழைதல், ஒரு படத்தைப் பதிவேற்றுதல், அஞ்சல் வருதல், குறித்த நேரப் பணிகள் ஓடுதல் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். கொள்கலனுக்கு மாற்றியிருந்தால் கோப்புகளின் உரிமையாளர் எண்களையும் பார்க்க வேண்டும். புராக்ஸ்மாக்ஸின் சிறப்புரிமையற்ற கொள்கலன்களில் உள்ளே 0 ஆக இருக்கும் ரூட் எண், வெளியே 100000 ஆகும். வெளியிலிருந்து நகலெடுத்த கோப்புகளில் பதிவேற்றம் தடைபட இது காரணமாகலாம்.

புதிய வழங்கி ஒரு முழுச் சுற்றை முடிக்கும் வரை பழைய வழங்கியை அணைத்து வைக்கலாம், அழிக்கக் கூடாது. ஒரு பள்ளிக்கு அந்தச் சுற்று ஒரு தேர்வுக் காலம். ஒரு சங்கத்துக்கு ஒரு மாதக் கணக்கு முடிப்பு. அதற்குள் புதிய வழங்கியிலிருந்து ஒரு காப்புநகல் எடுத்து, அதை மூன்றாவதாக ஒரு வெற்று வழங்கியில் மீட்டுப் பார்த்திருக்க வேண்டும். மீட்டுப் பார்க்காத காப்புநகலில் பயனரின் அடுக்கு முழுமையாக உள்ளதா என்பது, அது தேவைப்படும் நாள் வரை யாருக்கும் தெரியாது.